தட்டு காலியாகத்தான் திரும்பியது

எய்யா,

நேற்று சாயங்காலம் போனில் நீ சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். "அம்மா, அப்பாவுக்கு ரெண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி கிடைச்சிட்டு. அடுத்த புதன்கிழமை அட்மிஷன். நீங்க சாப்பாட்டைப் பத்திக் கவலையே படாதீங்க, போன தடவை மாதிரியே என் கிச்சன்ல இருந்துதான் போகும்" என்றாய். போன தடவை மாதிரியே! அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. போனில் நான் ஆரம்பித்தால் பாதியில் "அம்மா, ஒரு மீட்டிங்" என்று ஓடிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும் என்று தெரியும். முப்பது வருஷம் தாராவி முனிசிபல் பள்ளியில் ஊரார் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், சொந்தப் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடு மல்லுக்கட்டி எழுத்துக்கூட்ட வைத்தேன். இதையும் எழுத்துக்கூட்டியே வாசி. வாசித்து முடித்ததும் உன் ஆட்களைக் கூட்டி வைத்து அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்லு. ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை.

மற்றவர்களும் கேட்பார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். என் மகன் ஐரோலியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் சமையலறைக்கு மேனேஜர். நோயாளிகளுக்குத் தட்டு அனுப்புகிற வேலை. அவன் அப்பா விக்ரோலியில் ஒரு ஃபாக்டரியில் முப்பத்திநாலு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். பிப்ரவரியில் அவருக்குக் குடலில் ஒரு பகுதி சுருங்கி அடைத்துக்கொண்டது. மகன் வேலை பார்க்கிற இடம் இருக்கும்போது வேறெங்கே போவோம்? அங்கேயே சேர்த்தோம். அடைத்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே ஆறுகிற வரைக்கும் மலம் வெளியேற வயிற்றின் பக்கவாட்டில் ஒரு துளை வைத்து அதில் பை மாட்டினார்கள். மூன்று மாதத்தில் துளையை மூடிவிடலாம் என்றார் சர்ஜன். இப்போது ஆறு மாதம் ஆகிறது, பை இன்னும் தொங்குகிறது. வாடை வருமோ, சத்தம் போடுமோ என்று உன் அப்பா சர்ச்சுக்குப் போவதையே விட்டுவிட்டார். மத்தியானம் யாராவது கதவைத் தட்டினால் உள்ளறைக்குப் போய்விடுகிறார். அவருக்கு இந்த உலகத்தில் இப்போது வேண்டியது ஒன்றே ஒன்று, அந்தப் பை கழன்று போக வேண்டும். அது ஏன் மூன்று மாதத்தில் கழலவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

சேர்த்த அன்று ஒரு நர்ஸ் வந்து "வெயிட் கித்னா?" என்று கேட்டாள். அப்பா "ஒரு எழுபது இருக்கும்" என்றார். எழுபது என்று எழுதிக்கொண்டு போனாள். அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் ரத்தம் எத்தனை தடவை எடுத்தார்கள், பி.பி. எத்தனை தடவை பார்த்தார்கள் என்று எனக்குக் கணக்கே இல்லை. நிறுத்துப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. டிஸ்சார்ஜ் காகிதத்திலும் அதே எழுபது. மனுஷன் வாயால் சொன்ன ஒரு குத்துமதிப்பை, அவர் உருகிக்கொண்டிருக்கும்போதும் காகிதத்துக்குக் காகிதம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் பார்த்து எழுதினால் நான் முட்டி போட வைப்பேன்.

அடுத்து, ஆபரேஷனுக்கு முன்னால் நடந்த கூத்து. கட்டில் தலைமாட்டில் வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று அட்டை மாட்டினார்கள். சரி, ஸ்கேனுக்கு வெறும் வயிறு வேண்டும், புரிகிறது. காலை ஒன்பது மணி ஸ்கேன் என்றார்கள். பதினொன்று ஆயிற்று, ஒன்று ஆயிற்று, மூன்று மணிக்கு ஒருவர் வந்து "இன்னைக்கு இல்ல, நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது உன் மத்தியானத் தட்டு மற்றக் கட்டில்களுக்கு வந்து போய் இரண்டு மணி நேரம். வார்டு ஆளிடம் "பாய், ஏதாச்சும் கொடுங்க" என்று கேட்டால், அட்டை மாட்டியிருந்ததால் அவருக்குத் தட்டே வரவில்லை என்றார்கள். நான்கு மணிக்கு டீயும் இரண்டு மாரி பிஸ்கட்டும் வந்தது. மறுநாள் மறுபடியும் பட்டினி. ஆபரேஷனும் ஒரு நாள் தள்ளிப்போனது. கத்தி வைப்பதற்கு முன்னாலேயே நான்கு நாளில் மூன்று நாள் அந்த மனுஷன் பட்டினி. உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "அம்மா, அட்டை மாட்டுறதும் எடுக்கிறதும் நர்ஸிங். அது என் டிபார்ட்மென்ட் இல்ல." சரி, டாக்டரைக் கேட்டால் உணவு டயட்டிஷியன் வேலை. டயட்டிஷியன் எழுதிக் கொடுத்தால் அனுப்புவது கிச்சன் வேலை. கிச்சன் அனுப்பினால் சாப்பிட வைப்பது கூட இருப்பவர்கள் வேலை. பசி மட்டும் எந்த டிபார்ட்மென்ட் எய்யா?

ஆபரேஷனுக்குப் பிறகு வந்த தட்டுகளைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் சமைத்திருந்தாய். கிச்சடி, பனீர், கோழி சூப், அவித்த முட்டை, ஒரு டம்ளரில் கெட்டியான பால் மாதிரி ஒரு சத்து பானம். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடி, சக்கரம் வைத்த மேஜையில் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். அப்பாவுக்கு வலது கையில் சலைன். எழுந்து உட்கார்ந்தால் தையல் இழுக்கும். அந்தத் தாளைப் பிரிக்க இரண்டு நல்ல கை வேண்டும். நான் பிரித்து ஒரு வாய் ஊட்டுவதற்குள் மூச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் வந்துவிடுவார். அவர் போனதும் டாக்டர்கள் ரவுண்ட்ஸ். "பொறவு சாப்பிடுதேன்ட்டி" என்று அப்பா கண்ணை மூடிக்கொள்வார். நாற்பது நிமிஷத்தில் தட்டு எடுக்கிற மௌஷி வந்து நிற்பாள். நீ போட்ட நாற்பது நிமிஷச் சட்டம்! அதற்காக உனக்கு ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்களே, சுவரில் மாட்டியிருக்கிறாய்.

முதல் நாள் தட்டு அப்படியே இருந்ததைப் பார்த்த மௌஷி, என் காதருகே வந்து, "ஆயி, சாப் கே பாபா கா தாலி பரா ஜாயேகா தோ நீச்சே சப் போலேங்கே" என்றாள். சாரோட அப்பா தட்டே நிறைந்து திரும்பினால் கீழே கிச்சனில் எல்லாரும் பேசுவார்கள் என்று. அவள் நல்லதாகத்தான் சொன்னாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. நீ மூன்று வருஷம் இரவு பகலாக உழைத்து எடுத்த பெயர். உன் சொந்த அப்பாவே உன் சாப்பாட்டைத் தொடவில்லை என்று உன் ஆட்கள் சிரிப்பதா?

அதனால் நான் சாப்பிட்டேன்.

ஆமாம், நான்தான். ஒன்பது நாள். கிச்சடியை நான் தின்றேன், பனீரை நான் தின்றேன், அந்தச் சத்து பானத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு நான் குடித்தேன். அப்பா இரண்டு கரண்டி, மூன்று கரண்டி எடுப்பார், மீதி எனக்கு. லெந்து, தவக்கால நாட்கள் என்பதால் சூப்பையும் முட்டையையும் நானும் தொடவில்லை, அவரையும் தொட விடவில்லை. சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்டில் கவுச்சி ஏறியதில்லை, நோய் என்று வந்தபோதுதான் அந்த நியமத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஆண்டவர் பாத்துக்கிட்டிருக்கார், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று வயிற்றில் தையலோடு கிடந்த மனுஷனிடம் சொன்னேன். போதகரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நோயாளிக்கு உபவாசம் கிடையாது என்று சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. முட்டையை டிஷ்யூவில் சுற்றி மௌஷிக்குக் கொடுத்தேன், சூப்பை வாஷ்பேசினில் ஊற்றினேன். தட்டு காலியாகத்தான் திரும்பியது. நீ மாலையில் மேலே வந்து, "அம்மா, அப்பா சூப்பரா சாப்பிடுறாங்களாமே, கீழே எல்லாரும் சொல்றாங்க" என்று சிரித்தாய். உன் கிச்சன் பதிவுத் தாளில் "கொடுக்கப்பட்டது" என்று ஒரு கட்டம் இருந்தது. நர்ஸ் தாளில் "முழுவதும்" என்று எழுதினார்கள். தட்டைத்தான் பார்த்தார்கள். யார் வாய்க்குள் போயிற்று என்று ஒருவரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். டிஸ்சார்ஜ் காகிதத்தில் பன்னிரண்டு மாத்திரை, ஒவ்வொன்றுக்கும் நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்றெல்லாம் எழுதியிருந்தது. சாப்பாட்டைப் பற்றி இரண்டே சொல், சாதாரண உணவு. எது சாதாரணம்? பட்டினி கிடந்து வந்தவனுக்கு எது சாதாரணம் என்று எழுத ஒரு வரி கூடவா இடமில்லை? அந்த இடத்தைத் தெரு நிரப்பியது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் டாக்டர் ஆனார்கள். "முட்டை குடுக்காத, சீழ் வச்சிரும்." "மீனு வேண்டாம், தையல் பிரிஞ்சிரும்." "கடலையா, ஐயோ, புண்ணு பொங்கிரும்." நான் பி.எட். படித்தவள், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். ஈஸ்டர் வந்து போயிற்று, லெந்து முடிந்தது, பத்தியம் முடியவில்லை. ரசம் சாதம், பிரெட், ரஸ்க், இளநீர். வந்தவர்கள் கொடுத்த ஆப்பிளும் பிஸ்கட்டும் மேஜை நிறைய இருந்தன. அவர் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போனார், நான் பெரிய ஆபரேஷன் அல்லவா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தது யார் தெரியுமா? நம் சந்து முனையில் பங்கார்க் கடை வைத்திருக்கிற பாய். பழைய தகரமும் அட்டைப்பெட்டியும் வாங்குகிறவர், கடையநல்லூர்க்காரர். மெதுவாக நடக்கச் சொன்னார்களே என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, அவர் கடையை விட்டு எழுந்து வந்தார். "டீச்சரம்மா, சார் என்ன இப்பிடிக் கரைஞ்சு போயிட்டாவ? வாங்க சார், இதுல ஒரு நிமிஷம் ஏறி நில்லுங்க" என்று இரும்பு நிறுக்கிற தராசுப் பலகையில் அப்பாவைப் பிடித்து நிற்கவைத்தார். ஐம்பத்தாறு. அப்பா குனிந்து எண்ணைப் பார்த்துவிட்டு, தராசு கெட்டுவிட்டதா என்று கேட்டார். பாய் தானும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நான் ஒரு தகர டப்பாவக்கூட நிறுக்காம எடுக்கமாட்டேன் டீச்சர். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரில ஒருதரம்கூடவா இவியள நிறுத்துப் பாக்கல?" என்றார். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன்.

மறு வாரம் சர்ஜனிடம் போனோம், நீயும் இருந்தாய். புண் ஓரத்தில் வாய் திறந்திருந்தது. இந்த உடம்பில் கத்தி வைக்க மாட்டேன், எடை ஏறட்டும் என்று சொல்லிவிட்டார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். வார்டில் முழுக்கச் சாப்பிட்டிருக்கிறாரே, அப்படியும் எடை எங்கே போயிற்று என்று அவருக்குச் சந்தேகம். உள்ளே வேறு ஏதாவது இருக்கலாம் என்று ஸ்கேன் எழுதினார், வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க எழுதினார். மறுபடியும் மூன்று காலை வெறும் வயிறு! பட்டினியால் மெலிந்தவனைப் பட்டினி போட்டு ஏன் மெலிந்தான் என்று தேடினார்கள். நீ வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "அம்மா, கேன்சரா இருக்குமோ" என்று கேட்டாய். முப்பத்துநாலு வயது ஆண்பிள்ளை, உன் குரல் உடைந்துபோயிருந்தது. எனக்குத் தெரியும், எடை எங்கே போயிற்று என்று. நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் உன் தாள்கள் எல்லாம் பொய் என்று ஆகும், உன் மேலதிகாரிகள் உன்னைக் கேட்பார்கள் என்று விழுங்கிவிட்டேன். ஒரு வாரம் உன்னையும் அவரையும் சாவு பயத்தில் வைத்திருந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று வந்தது. நீ எல்லாருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தாய். நான் செய்ததிலேயே பெரிய பாவம் அந்த வாரம்தான்.

அதற்குப் பிறகுதான் சர்ஜன் அந்த மராத்திப் பெண்ணிடம் அனுப்பினார், டயட்டிஷியன். சின்ன வயசு, பொறுமைசாலி. அறிவுரை ஒன்றும் சொல்லாமல், "நேற்று காலை எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டார், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டாள். இரண்டு மாதத்தில் அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். நான் சொல்லச் சொல்ல எனக்கே காது கூசியது. அரை கப் ரசம் சாதம். ஒரு ரஸ்க். இளநீர். அவள் பேனாவை வைத்துவிட்டு, புண் ஆறுவதற்கே சதை வேண்டும் மாஜி, முட்டையும் மீனும் பருப்பும்தான் சதை, நீங்கள் அதைத்தானே நிறுத்தியிருக்கிறீர்கள் என்றாள். மூன்று வேளை அவரால் முடியாது, ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், பாலில் பால் பவுடரைக் கலக்குங்கள், கஞ்சியில் நெய் விடுங்கள், வாரம் ஒருநாள் நிறுத்துப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கே மீன் வாங்கினேன். தெருக்காரர்கள் சீழ் என்று ஆரம்பித்தால், என் பழைய பிரம்புக் குரலில் "வாயை மூடுங்க" என்றேன். ஞாயிறுதோறும் பாய் கடைத் தராசு. ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டரை, அறுபது. போன ஞாயிறு அறுபத்துமூன்று. பாய் கைதட்டினார். புண் மூடிவிட்டது. தேதி கிடைத்தது அப்படித்தான் எய்யா, உன் செல்வாக்கினால் இல்லை.

இனி புதன்கிழமை. வாசலிலேயே அப்பாவைத் தராசில் ஏற்று, அவர் வாயைக் கேட்டு எழுதாதே. ஸ்கேன் தள்ளிப்போனால் மூன்று மணியானாலும் ஐந்து மணியானாலும் ஒரு தட்டு அவருக்குச் சூடாக வர வேண்டும், அவருக்கு மட்டும் இல்லை, அந்த அட்டை தொங்குகிற எல்லாக் கட்டிலுக்கும். அவர் மேனேஜரின் அப்பா, பக்கத்தில் நான் இருந்தேன், அப்படியும் இந்த நிலை. பக்கத்துக் கட்டிலில் கல்யாணிலிருந்து வந்த ஒரு கிழவருக்கு யாருமே இல்லை, அவர் தட்டு தினமும் பிளாஸ்டிக் தாள்கூடப் பிரியாமல் திரும்பிப் போனது. உன் தாளில் அதற்கும் "கொடுக்கப்பட்டது" என்றுதானே இருந்தது? அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் "சாப்பிட்டார்" என்று இன்னொரு கட்டம் போடு. தட்டு எடுக்கிற மௌஷிகளுக்கு, முடிக்காதவர் முன்னால் நின்று என்ன ஆயிற்று என்று கேட்க நேரம் கொடு. உன் நாற்பது நிமிஷச் சான்றிதழைக் கழற்றி வை. வீட்டுக்கு அனுப்பும்போது சாதாரண உணவு என்று எழுதினால் அந்தக் காகிதத்தை நான் கிழித்துப்போடுவேன், சொல்லிவிட்டேன். "என் டிபார்ட்மென்ட் இல்ல" என்று மட்டும் இன்னொரு தடவை உன் வாயால் கேட்கக் கூடாது.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து எட்டிப் பார்த்தார். "பிள்ளைய ரொம்ப ஏசாதட்டி" என்றார். எனக்கு அப்போது கேட்கத் தோன்றியது, இத்தனை மாதமும் கேட்காததை. "ஏங்க, ஆஸ்பத்திரில உங்க தட்டை நான் சாப்பிட்டது உங்களுக்குத் தெரியும்தானே? ஏன் ஒண்ணும் சொல்லல?" அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "நான்தானட்டி ஒன் பக்கமா நகத்தி வச்சேன். எனக்குப் பசிக்கத்தான் செஞ்சுது, ரொம்ப மெதுவாத்தான் உள்ள போச்சு. அதுக்குள்ள அந்தம்மா வந்து நிப்பா. பாதியில குடுத்தா மவனுக்குக் கொறச்சல்லா. நீ சாப்பிட்டா வேகமா காலியாவும்னு பாத்தேன்" என்றார். சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார்.

பசித்திருக்கிறது எய்யா அவருக்கு. பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பசியோடு தட்டைத் தள்ளி வைத்திருக்கிறார், உனக்காக.

அதனால் கேட்டுக்கொள். உன் பெயருக்காக இனி இந்த வீட்டில் ஒருவரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. அடுத்த வாரம் நான் அவர் தட்டில் கைவைக்க மாட்டேன். அவர் சாப்பிட்டது போக மிச்சம் எவ்வளவோ, அது அப்படியே, மூடாமல், உன் ஆட்கள் எல்லாரும் பார்க்கக் கீழே வரும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீ வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே நிற்காதே, அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வா. வரும்போது கையைக் கழுவிக்கொண்டு வா. நீதான் ஊட்ட வேண்டும்.

கோபம் இன்னும் ஆறாத,
அம்மா